பட்டியில அடைச்சு ஏலம் விடப்போற குதிரைங்களுக்காக எங்க நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

நகராட்சி ஆணையர் ஐயாவுக்கும் கவுன்சிலர்கள் எல்லாருக்கும்,

பஸ் ஸ்டாண்ட் சுவத்துல நீங்க ஒட்டியிருக்கற நோட்டீஸைப் படிச்சேன். ரோட்டுல திரியுற குதிரைங்களைப் பிடிச்சு பட்டியில அடைப்பீங்க, ஓனர் வந்து அபராதம் கட்டினா ஓட்டிட்டுப் போயிரலாம், யாரும் வரலன்னா பொது ஏலம். அவ்ளோதான் மேட்டர். குதிரைக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு யாரு பாக்கறது, ஏலத்துல எடுக்கறவன் யாரு, எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப்போறான், ஒண்ணுத்துக்கும் அதுல பதில் இல்ல. இந்த மலை ஊருல கைவிடப்பட்ட குதிரைங்களை வச்சு சோறு போட்டு மருந்து போட்டுட்டு இருக்கறவங்கள்ல நானும் ஒருத்தி, இதைப் படிச்சுட்டு சும்மா போக எனக்கு மனசு வரல.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், குதிரை ரோட்டுல நிக்கறது சரின்னு நான் சொல்ல வரல. பனி இறங்கின ராத்திரி வளைவுல திரும்பறப்ப திடீர்னு முன்னாடி ஒரு குதிரை நின்னா பைக்ல வர்றவனுக்கும் சாவு குதிரைக்கும் சாவு, ரெண்டையும் நேர்ல பாத்தவ நான். ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்களை உதைச்சதும் நடந்திருக்கு. அதனால பிடிங்க, தாராளமா பிடிங்க. பிடிச்ச பிறகு என்ன பண்றீங்கங்கறதுதான் என் சண்டை.

உங்க ஏலத்துக்கு யாரு வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். வீட்டுத் தோட்டத்துல வச்சு அழகு பாக்க யாரும் குதிரை வாங்கறதில்ல. ஏரிக்கரையில சவாரி விடறவர் வருவார், கீழ இருந்து கல்யாண ஊர்வலத்துக்கு குதிரை விடறவர் வருவார், ரெண்டுமில்லன்னா வாங்கி கை மாத்தி விக்கிற புரோக்கர். மார்ச்ல இருந்து மே வரைக்கும் சீசன், அதுல ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுவாங்க, ஜூன்ல மழை இறங்கி டூரிஸ்ட் கொறைஞ்சதும் வைக்கோல் காசுக்கு வழி இல்லாம கயித்தை அவுத்து விட்ருவாங்க, அது ரோட்டுக்கு வரும், நீங்க பிடிப்பீங்க, ஏலம் விடுவீங்க, அடுத்த சீசனுக்கு அதே ஏரிக்கரையில வேற ஒருத்தர் கையில அது நிக்கும். இதுல நகராட்சிக்கு ரெண்டு காசு வருமானம் வருது, ஒத்துக்கறேன். ஆனா ரோட்டுல குதிரை கொறைஞ்சுதா? வருசா வருசம் ஏலம் நடந்தும் கொறையலன்னா அந்த வழியில ஏதோ கோளாறு இருக்குன்னுதானே அர்த்தம்?

செம்பின்னு ஒரு செவலைக் குதிரை கதையை சொல்றேன், உங்க ரெக்கார்டுல அது வெறும் ஒரு ரசீது நம்பரா இருக்கும்.

முதல் தடவை அவ எங்ககிட்ட வந்தப்போ முதுகு மேட்டுல, சேணம் அழுத்துற இடத்துல, உள்ளங்கை அகலத்துக்கு புண்ணு. மேல பொருக்கு, அதைத் தொட்டா உள்ள சீழ், பக்கத்துல போனாலே காதைப் பின்னாடி மடக்கிட்டு பல்லைக் காட்டுவா. தினமும் உப்புத் தண்ணி வச்சு கழுவி, ஈ மொய்க்காம மருந்து தடவி, புதுத் தோல் மூடி வர மாசக்கணக்குல ஆச்சு. ஆறின இடத்துல முடி வெள்ளையா முளைச்சுது, பிறை மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு. அப்படி ஆறி நல்லா சதை போட்ட சமயத்துல ஒருத்தர் வந்து இது என் குதிரைன்னார். அவர்கிட்டயும் பேப்பர் இல்ல, என்கிட்டயும் இல்ல, ஊர்ல நாலு பேரு அவருக்கு சாட்சி சொன்னாங்க, குடுத்து அனுப்ப வேண்டியதாப் போச்சு. சீசன் முடிஞ்சுது, அவர் அவுத்து விட்டாரு, உங்க ஆளுங்க பிடிச்சாங்க, ஏலத்துல இன்னொருத்தர் எடுத்தாரு, அவரும் ஒரு சீசன் ஓட்டிட்டு அவுத்து விட்டாரு. அடுத்து நான் அவளைப் பாத்தது குப்பைக் கிடங்குக்குப் பக்கத்துல. எலும்பும் தோலுமா நின்னா, அந்தப் பிறைத் தழும்பு இல்லன்னா அடையாளமே தெரிஞ்சிருக்காது.

லாயத்துக்குக் கொண்டு வந்த அன்னிக்கு ராத்திரியே வயித்து வலி ஆரம்பிச்சுடுச்சு. முன்னங்காலால தரையைப் பிராண்டறா, திரும்பித் திரும்பித் தன் வயித்தையே பாக்கறா, மேலுதட்டைச் சுருட்டறா, நாங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு நடுங்கிட்டு இருக்கற குளிர்ல அவளுக்கு கழுத்துல இருந்து வேர்வை சொட்டுது. விலாவுல காதை வச்சுக் கேட்டேன். நல்லா இருக்கற குதிரை வயித்துல எப்பவும் கடகடன்னு சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், இவளுக்கு ரெண்டு பக்கமும் சத்தமே இல்ல. சும்மா நிக்கற குதிரைக்கு நாடி நிமிசத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் இருக்கலாம், இவளுக்கு 80க்கு மேல போயிடுச்சு, ஈறு செங்கல் நிறத்துல இருந்து நீலம் பாரிச்சுது. குதிரையால வாந்தி எடுக்க முடியாதுங்க, பலருக்கு இது தெரியாது. நாய் பூனை மாதிரி வேண்டாததை வாய் வழியா வெளிய தள்ள அதுக்கு வழி இல்ல, குடல்ல பலமா அடைச்சா வயிறு வெடிச்சே செத்துப் போகலாம். டாக்டர் அந்த நேரத்துலயும் மலை ஏறி வந்தார். மூக்கு வழியா ட்யூப் விட்டு, பாரஃபின் எண்ணெய் ஊத்தி, வலிக்கு ஃப்ளூனிக்சின் போட்டு, சலைன் ஏத்தி எல்லாம் பாத்தாரு. ஆபரேஷன் பண்ணணும்னா நாமக்கல் இல்ல சென்னை கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போகணும், அந்த வலியில நிக்கவே முடியாத குதிரையை லாரியில ஏத்தி கொண்டை ஊசி வளைவெல்லாம் எப்படி இறக்கறது? விடியறதுக்கு முன்னாடி ஊசி போட்டு அனுப்பி வச்சோம். அறுத்துப் பாத்தப்போ பெருங்குடல்ல ஒரு பந்து, கேரி பேக், சாம்பார் கட்டின கவர், நைலான் கயிறு எல்லாம் சேர்ந்து முறுக்கிக்கிட்டு கல்லு மாதிரி.

காலையில புதைக்க இடம் கேட்டு உங்க ஆபீஸுக்கு ஃபோன் பண்ணினேன். பத்து மணிக்கு மேல லெட்டரோட நேர்ல வாங்கன்னு பதில் வந்துச்சு. பத்து மணிக்கு மேல வந்தா சார் மீட்டிங்ல. முன்னூறு கிலோ உடம்பு வெயில்ல கிடக்கு, சுத்தி நாய், மேல காக்கா. கடைசியில ஒரு எஸ்டேட்காரர் தன் நிலத்துல இடம் குடுத்தாரு, ஜேசிபி வாடகையை நாங்க போட்டோம்.

குதிரை வளர்க்கறது வெறும் அழுகைன்னு நெனச்சுக்காதீங்க, அப்படி இருந்தா நான் என்னிக்கோ விட்டுட்டு ஓடியிருப்பேன். காலையில பக்கெட் கைப்பிடி டங்குனு சத்தம் கேட்டா போதும், இருட்டுக்குள்ள இருந்து மூக்கு வழியா அடித்தொண்டையில ஒரு குறுகுறு சத்தம் விடுவாங்க, ஒருத்தன் ஆரம்பிச்சா வரிசையா எல்லாரும், அதைக் கேக்கறதுக்காகவே அந்தக் குளிர்ல எழுந்திருக்கலாம். மண்டியில கழிச்சுப் போடற வெடிச்ச கேரட்டு, ரெட்டை வால் கேரட்டெல்லாம் மூட்டையா வரும், அதுல எங்க ராசு இருக்கானே, ஒரு கண்ணு போன மட்டக்குதிரை, பெருசு எதுன்னு மோந்து பாத்துதான் எடுப்பான். ரேஸ்ல ஓடி கால் போனதும் கழட்டி விட்ட ஒரு உசரமான கிழவன் இருக்கான், அவன் ராசுவோட குருட்டுப் பக்கமாவே நின்னுதான் மேய்வான். யாரும் சொல்லிக் குடுக்கல.

எனக்கு எல்லாத்தையும் விட பெரிய சந்தோசம் எதுன்னா, புதுசா வந்த குதிரை முதல் முதலா காலை நீட்டிப் படுத்துத் தூங்கறது. குதிரை நின்னுக்கிட்டே தூங்கும்னு எல்லாருக்கும் தெரியும், கால் மூட்டு தானா பூட்டிக்கும், விழாது. ஆனா அது கோழித் தூக்கம்தான், ஆழ்ந்த தூக்கம் வேணும்னா அது படுத்தாகணும், பயம் இருந்தா படுக்காது. ரோட்டுல திரிஞ்சு கல்லடி பட்டு நாய்க்கு பயந்து வந்ததுங்க வாரக்கணக்குல படுக்காம நின்னுட்டே இருக்கும், சில சமயம் அசந்து முன்னங்கால் மடங்கி முட்டியில விழுந்து எழுந்திருக்கும், முட்டியில காயத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிரலாம். அப்படிப்பட்டது ஒரு நாள் மத்தியானம் நம்ம கண்ணு முன்னாடி வைக்கோல்ல பக்கவாட்டுல சாஞ்சு, கழுத்தை நீட்டி, குறட்டை விட்டு, கனவுல காலை உதறிக்கிட்டுத் தூங்கறப்போ வேலையெல்லாம் போட்டுட்டு நாங்க அப்படியே உக்காந்து பாப்போம்.

மத்தபடி தினப்படி வேலைதான் முக்கால்வாசி. ஆறேழு வாரத்துக்கு ஒருக்கா லாடம் அடிக்கிற பாய் வரணும், குளம்பு நம்ம நகம் மாதிரி வளர்ந்துட்டே இருக்கும், வெட்டாம விட்டதுங்க வந்தா நுனி மேல சுருண்டு நடக்கவே முடியாம வரும், அதை ஒரே நாள்ல வெட்டவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். கிழடுங்களுக்கு பல்லு ஓரம் கத்தியா கூர்மையாகி கன்னத்தை கிழிக்கும், அதை அரம் வச்சு ராவணும். தண்ணி ஒரு குதிரைக்கே நாளைக்கு 25 லிட்டருக்கு மேல. வைக்கோல் கீழ இருந்து லாரியில ஏறி வரணும், மழைக்காலத்துல அது நனைஞ்சு பூஞ்சை பிடிச்சா அத்தனையும் குப்பை. வேலி ஓரத்துல வெள்ளையா பூக்கற யூபடோரியம் செடியை வேரோட பிடுங்கிட்டே இருக்கணும், அழகா இருக்குன்னு டூரிஸ்ட் போட்டோ எடுக்கற செடிதான், குதிரை அதைத் தொடர்ந்து தின்னா நுரையீரல் கெட்டு மூச்சு விட முடியாம போகும்.

இதெல்லாம் ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, உங்க பட்டி மாட்டுக்குக் கட்டினது. மாடு ஒரு தடவை தின்னா படுத்து அசை போடும், ஒரு ராத்திரி தாங்கும். குதிரைக்கு இரைப்பை சின்னது, நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுக்கிட்டே இருக்கற ஜீவன், வெறும் வயித்துல போட்டு அடைச்சா அமிலம் சுரந்து வயிறு புண்ணாகும். நான் வந்து பாத்தப்போ உங்க பட்டியில புல்லு இல்ல, வாய் வெட்டின தகர டிரம்மில பாசி பிடிச்ச தண்ணி, யாரோ இரக்கப்பட்டு ஓட்டல்ல மிஞ்சின சாதத்தை சாக்குல கொண்டு வந்து கொட்டியிருக்காங்க. அங்க இருந்த அண்ணன் நல்ல மனுசன், பசிக்குதேன்னு போட்டேன்மான்னார், அவர் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, அவருக்கு யாரும் சொல்லித் தரல. பட்டினியில கெடந்த குதிரைக்கு திடீர்னு சாதமோ சோளமோ கொள்ளோ வயிறு முட்ட போட்டா ரத்தத்துல உப்புச்சத்து தலைகீழா மாறி அடுத்த சில நாள்ல இருதயம் நின்னே செத்துப் போகலாம். பட்டினியில வந்ததுக்கு புல்லைத்தான் அளந்து, சின்னச் சின்ன வேளையா, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ராத்திரியும் எழுந்து போடணும். பசிச்ச வாய்க்கு எதிர்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது எவ்வளவு கஷ்டம்னு செஞ்சு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொண்ணும் இருக்கு, இது குதிரைக்காக இல்ல, உங்க ஊழியர்களுக்காகவும் வாங்கற மனுசனுக்காகவும். கிளாண்டர்ஸ்னு ஒரு வியாதி குதிரை கழுதைக்கு வரும், மூக்குல சளி, தோல்ல கட்டி கட்டியா புண்ணு, அது மனுசனுக்கும் தொத்தும், மருந்து போட்டு குதிரையைக் காப்பாத்த சட்டத்துலயே இடம் இல்ல, உறுதியானா கருணைக்கொலைதான். 2009ல வந்த மிருகத் தொத்துநோய்த் தடுப்புச் சட்டப்படி சந்தேகம் வந்தாலே தகவல் சொல்லியாகணும். ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாம எங்கெங்கயோ திரிஞ்ச குதிரைங்களை ஒரே பட்டியில நெருக்கி நிறுத்தி ஒரே டிரம்மில தண்ணி காட்டி அப்புறம் நாலு ஊருக்கு ஏலம் போட்டு அனுப்பறது எவ்வளவு பெரிய ஆபத்துன்னு உங்க சுகாதாரப் பிரிவே சொல்லட்டும்.

சட்டம் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு. 1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல வளர்த்த மிருகத்தை அம்போன்னு விடறது குத்தம்தான், முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா, 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரைக்கும். ஏரிக்கரையில ஒரு சோளம் அதை விட ஜாஸ்தி. அதே சட்டத்துக்குக் கீழ வந்த 1965 விதியில சுமை தூக்கற மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் உச்ச வரம்பு, ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல கூடாது, முள்ளு வச்ச கடிவாளம் கூடாது. சவாரி நிக்கற இடத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா வந்து நில்லுங்க, 70 கிலோ ஆளுங்க எத்தனை பேரு ஏறறாங்க, 90 கிலோக்காரங்க எத்தனை பேரு மடியில புள்ளையையும் வச்சுக்கிட்டு செல்ஃபி எடுக்கறாங்கன்னு பாருங்க. செம்பி முதுகுப் புண்ணு வானத்துல இருந்து விழல.

குதிரைக்காரங்களை வில்லனாக்கறதுக்கு நான் இதை எழுதல. முக்கால்வாசி பேரு அப்பா காலத்துல இருந்து இதே தொழில், கொரோனா ஊரடங்குல டூரிஸ்ட்டே வராதப்போ தன் வீட்டு அடுப்பு எரியாதவங்க குதிரைக்கு எங்க போவாங்க? அப்ப எங்க கேட்டுக்கு முன்னாடி வந்து கட்டிட்டுப் போனவங்கள்ல அழுதுகிட்டே போனவங்களும் உண்டு. 2019 கணக்கெடுப்புல நாடு முழுக்க குதிரை மட்டக்குதிரை எல்லாம் சேர்த்து 3.4 லட்சம்தான், 2012ல 6 லட்சத்துக்கு மேல இருந்தது. தொழிலே தேயுது, குதிரை பாக்கத் தெரிஞ்ச டாக்டரும் லாடக்காரரும் அதோட சேர்ந்து தேயறாங்க. இந்த நிலைமையில அபராதத்தை ஏத்திட்டே போனா என்ன ஆகும்? அபராதத்தை விட குதிரை விலை கம்மின்னா அவன் எடுக்க வரவே மாட்டான். உங்க பட்டியில நிக்கற கிழடு, நொண்டி எல்லாம் அப்படி வந்ததுதான்.

அதனால நான் கேக்கறது இதுதான். இப்போ அறிவிச்சிருக்கற ஏலத்தை நிறுத்தி வைங்க. பிடிக்கற ஒவ்வொரு குதிரையையும் 24 மணி நேரத்துக்குள்ள கால்நடை டாக்டர் பாத்து எழுதிக் குடுக்கணும், கிளாண்டர்ஸ்க்கு ரத்தம் எடுக்கணும், கழுத்துத் தோலுக்கு அடியில மைக்ரோசிப், அதாவது அடையாள நம்பர் இருக்கற சின்ன சிப், போட்டு ஓனர் பேரோட பதிவு பண்ணணும், அப்பதான் அடுத்த தடவை அதே குதிரை ரோட்டுக்கு வந்தா யாரு விட்டாங்கன்னு பிடிக்க முடியும். சவாரிக்கு லாயக்கு இல்லன்னு டாக்டர் சொன்ன குதிரையை ஏலத்துலயும் வைக்காதீங்க, பழைய ஓனர்கிட்டயும் திருப்பித் தராதீங்க, எங்களை மாதிரி வச்சுப் பாக்கறவங்ககிட்ட எழுத்து மூலமா ஒப்படைங்க, நாளைக்கு நாலு சாட்சியோட ஒருத்தர் வந்து நின்னா காட்டறதுக்கு எங்க கையில ஒரு பேப்பர் வேணும்.

பட்டியில குதிரைக்குன்னு கூரையோட தனி இடம், காய்ஞ்ச புல், சுத்தமான தண்ணித் தொட்டி, ராத்திரி ஆள். அங்க வேலை பாக்கறவங்களுக்குச் சொல்லித் தர நான் காசு வாங்காம வரேன், டாக்டரும் வரேன்னு சொல்லியிருக்காரு.

சவாரி லைசென்ஸை டாக்டர் சர்ட்டிஃபிகேட் இல்லாம புதுப்பிக்காதீங்க, டிக்கெட் குடுக்கற இடத்துல ஒரு எடை மிஷின் வைங்க, அதுக்கு பெரிய செலவு ஒண்ணும் ஆகாது. லைசென்ஸ் பணத்துல ஒரு பங்கை எடுத்து ஜூன்ல இருந்து மழை ஓயற வரைக்கும் மானிய விலையில வைக்கோல் குடுங்க, குதிரைக்காரங்க சங்கத்தையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசி முடிவு பண்ணுங்க, அவங்க ஒத்துழைக்காம எந்த விதியும் நிக்காது. குப்பைக் கிடங்குக்கு வேலி போடுங்க, மார்க்கெட் தொட்டிங்களுக்கு மூடி போடுங்க. செத்த பெரிய மிருகங்களைப் புதைக்க ஒரு இடத்தை ஒதுக்கி, ராத்திரியிலயும் எடுக்கற ஒரு ஃபோன் நம்பரை அந்த நோட்டீஸ்லயே போடுங்க.

அடுத்த மன்றக் கூட்டத்துல இதை ஒரு பொருளா எடுத்துக்கணும், பேச எனக்கும் அஞ்சு நிமிசம் தரணும், எது முடியும் எது முடியாதுன்னு எழுத்துல பதில் வேணும். பட்டியில இப்போ ஒரு சாம்பல் குதிரை பின்னங்கால் ஊன முடியாம நிக்குது, கூட்டம் வரைக்கும் அது தாங்காது, அதுக்கு மட்டும் நாளைக்கே டாக்டரை அனுப்பிடுங்க.

இப்படிக்கு,
குதிரைங்களை வச்சுப் பாத்துக்கிற உங்க ஊர்க்காரி